கானல் நீர் கண்ணின் பிழையன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானல் நீரை விளக்கும் பலரும் அதை 'மனப்பிரமை' என்றோ 'கண் செய்யும் தவறு' என்றோ முடித்துவிடுகிறார்கள். கேமராவுக்கு மனம் கிடையாது. அதிலும் கானல் நீர் பதிவாகிறது. கண்ணுக்கு வந்துசேரும் ஒளி உண்மையாகவே வளைந்து வருகிறது. அது வானத்தின் ஒளி. தரையில் வானம் தெரிந்தால், அங்கே தண்ணீர் கிடக்கிறது என்று மூளை பழக்கத்தில் முடிவுகட்டுகிறது. பிழை அந்த முடிவில் மட்டும்தான்.

சூடேறிய தரையை ஒட்டிய காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. அந்தக் காற்றில் ஒளி சற்று விரைவாகச் செல்லும். சாய்வாக இறங்கும் ஒளியலையின் அடிப்பகுதி மேற்பகுதியை முந்துவதால் அலை மேல்நோக்கித் திரும்பிவிடும். இதை 'முழு அக எதிரொளிப்பு' (இரு பொருள்களின் எல்லையில் பட்ட ஒளி முழுவதும் வந்த பொருளுக்குள்ளேயே திரும்புவது) என்று கற்பிப்பது வசதியாக இருக்கலாம். ஆனால் கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பதுபோன்ற எல்லை எதுவும் இங்கே இல்லை. ஒளி சிறுகச் சிறுகத்தான் வளைகிறது. 1798இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் உடன் சென்ற காஸ்பார் மோன்ழ் என்ற கணித அறிஞர், தரைச் சூட்டையும் ஒளியின் பாதையையும் இணைத்து இதற்கு விளக்கம் எழுதினார்.

வளைவு மிகச் சிறியது. 30 டிகிரி செல்சியஸ் காற்றுக்கும் 50 டிகிரி காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் (ஒளியின் வேகத்தை ஒரு பொருள் எவ்வளவு குறைக்கிறது என்பதைச் சொல்லும் எண்) உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.000016தான். கணக்கிட்டால், தரையோடு மூன்றில் ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்துவரும் ஒளி மட்டுமே திரும்பும். கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 'தண்ணீர்' சுமார் 265 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும், 50 செ.மீ. உயரத்துக்குக் குனிந்தால் 90 மீட்டரிலேயே தெரியும். நெருங்க நெருங்க அது விலகிப்போவதும் இதனால்தான்: நாம் நகர்ந்தாலும் அந்தக் கோணம் மாறுவதில்லை. பலத்த காற்று வீசினால் சூடான அடுக்கு கலைந்து காட்சியும் மறையும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியின் அடியில் கெட்டியான சர்க்கரைக் கரைசல் விட்டு, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, ஒருநாள் அசையாமல் வைத்து, லேசர் கதிர் வளைவதைக் காட்டுகிறோம். அருமையான சோதனை. ஆனால் அங்கே அடர்த்தி அடியில் அதிகம்; கதிர் கீழ்நோக்கி வளையும். சாலைக் கானலில் நடப்பதற்கு இது நேர்மாறு. இந்தச் சோதனை பொருந்துவது, குளிர்ந்த கடல்மீது வெப்பக் காற்று நிற்கும்போது தொலைவிலுள்ள கப்பல் உயர்ந்து தெரிகிறதே, அந்தக் காட்சிக்குத்தான். சாலைக் கானலைக் காட்ட, வெயிலில் காய்ந்த நீண்ட மதில் போதும். ஒரு முனையில் கண்ணைச் சுவரை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். மறுமுனையில் ஒருவர் பளபளப்பான பொருளைச் சுவரருகே கொண்டுவந்தால் அதன் பிம்பம் சுவருக்குள் தெரியும். ஒளி மிகச் சாய்வாகச் செல்ல வேண்டியிருப்பதால் நீளம் குறைந்த சுவரில் இது வாய்க்காது.

சொல்லையும் கவனிக்க வேண்டும். பழந்தமிழில் 'கானல்' கடற்கரைச் சோலை. வெப்பம், ஒளிக்கதிர் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. 'பேய்த்தேர்', 'வெண்டேர்' என்பவையும் கானல் நீருக்கான பெயர்கள். அலையும் அந்த மினுக்கத்தை நம் முன்னோர் ஓட்டுபவனில்லாத தேராகக் கண்டிருக்கிறார்கள். வானில் உயர்ந்து தெரியும் கப்பலை மட்டும் 'கானல் நீர்' என்று எழுதாதீர்கள். அதில் நீர்த்தோற்றமே இல்லை. 'மேற்கானல்' என்றால் பொருந்தும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்