பாச்சா உருண்டையும் ஒரு சொட்டு ரத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மரபணு சோதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் சர்க்கரை வருமா, மாரடைப்பு வருமா, எந்த மாத்திரை உடம்புக்கு ஆகாது என்று எல்லாம் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். சரி, தெரியட்டும். ஆனால் முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவளுக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிந்தது. எச்சில் குழாயெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஒரு சொட்டு ரத்தத்தில் செய்துவரும் ஜி6பிடி சோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஜி6பிடி ஒரு நொதி. ரத்தச் சிவப்பணு துருப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே இது குறைவாக இருப்பவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. தனக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். சில மருந்தோ சில பொருளோ உள்ளே போகும்போது சிக்கல். சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும்.

எங்கள் வீட்டில் அந்தப் பொருள் பாச்சா உருண்டை. என் தங்கை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, இருபதாம் நாள் தொட்டில் போட்டார்கள். தூளி கட்டுவதற்குக் கொள்ளுப்பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். வருடக்கணக்காக உருண்டைகளோடு கிடந்த சேலை. அலசக்கூட இல்லை, ராசியான சேலையாம். மூன்றாம் நாள் குழந்தையின் துணியில் சிறுநீர் கறுப்பு டீயின் நிறத்தில் கறை விட்டிருந்தது. கண் மஞ்சள், உதடு வெளுப்பு. தனியார் மருத்துவமனையில் சேர்த்து நீல விளக்கின் கீழ் வைத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஜி6பிடி பார்த்தார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. "பெரியம்மா, டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாரு, இதோட விடுங்க" என்றாள் தங்கை மகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நொதி குறைந்த அணுக்கள்தான் முதலில் உடைந்து போகும். மிஞ்சி நிற்பவை புதிதாகப் பிறந்த இளம் அணுக்கள். அவற்றில் நொதி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். போதாததற்கு, குழந்தையின் உடம்பில் ஓடுவதில் பாதி யாரோ கொடுத்த ரத்தம். இந்த நேரத்தில் எடுத்த சோதனை எப்படி உண்மை சொல்லும்? நான்கு மாதம் பொறுத்து, பழைய சிநேகிதி ஒருத்தியின் லேபுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தச் சோதனையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ரத்தச் சொட்டை மருந்துக் கரைசலில் கலந்து, சில நிமிட இடைவெளியில் வடிதாளில் ஒவ்வொரு பொட்டாக வைத்துக் காயவிட வேண்டும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். நொதி இருக்கிற ரத்தம் நிலவு மாதிரி வெளிர்நீலமாக ஒளிரும். பக்கத்தில் ஒப்பிடுவதற்காக வைத்த என் ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. அவனுடைய பொட்டு கடைசி வரை ஒளிரவே இல்லை.

இது தெரிந்ததும் வீட்டில் இன்னொரு கூத்து. இந்தக் குறைக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பையனுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். இதை யாரோ செல்போனில் பார்த்துச் சொல்லிவிட, "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் கிடையாது" என்று சம்பந்தி அம்மாள் ஆரம்பித்துவிட்டார். மலேரியா தலைமுறை தலைமுறையாக மனிதர்களைக் கொன்ற ஊர்களில் இந்த மரபணு நிலைத்து நின்றதற்குக் காரணமே, அது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதுதான் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொண்டாரா தெரியாது.

அதே மலேரியாவின் மருந்துதான் இந்தக் குறையை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் அருகே உள்ள ஸ்டேட்வில் சிறையில், கைதிகளுக்கு மலேரியாவை வரவழைத்து மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிரைமாகுவின் சாப்பிட்ட கறுப்பினக் கைதிகள் சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. ஏன் என்று தேடிப்போய் 1956-ல் ஜி6பிடி குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். கைதிகளின் உடம்பில் கற்ற பாடம் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். வைவாக்ஸ் மலேரியா வந்தால் நம் ஊரிலும் இதே பிரைமாகுவினைத்தான் பதினான்கு நாள் கொடுக்கிறோம், கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியை ஒழிப்பதற்காக. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோபியூரன்டாயின், சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் யூரிக் அமிலத்தைக் குறைக்கப் போடும் ராஸ்பூரிகேஸ் ஊசி, எல்லாம் இவர்களிடம் பார்த்து நடக்க வேண்டிய மருந்துகள். கைக்குழந்தைக்கு மருதாணி வைப்பதும் கூடாது. அதன் சாயமே சிவப்பணுவை உடைக்கும்.

இதையெல்லாம் இணையத்தில் தேடினால் இன்னொரு தொல்லை. தவிர்க்க வேண்டிய உணவு ஃபாவா பீன்ஸ். மத்தியதரைக்கடல் நாடுகளில் நிறையச் சாப்பிடுவார்கள். அதை யாரோ தமிழில் 'மொச்சை' என்று எழுதிவைக்க, பொங்கலுக்கு மொச்சைக் குழம்பே கூடாது என்று பயந்துபோய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நம் ஊர் மொச்சை வேறு செடி. காய்ச்சலுக்கு அளவாகக் கொடுக்கும் பாராசிட்டமாலைக்கூட விலக்கச் சொல்லும் பட்டியல்கள் சுற்றுகின்றன. எல்லாவற்றையும் விலக்கச் சொன்னால் ஜனங்கள் எதையும் விலக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். கேரளத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. இங்கே கர்ப்பம் என்று தெரிந்ததுமே அரசிடம் பதிந்து பிக்மி எண் வாங்கச் சொல்கிறோம், அட்டை அட்டையாகக் கொடுக்கிறோம். அதில் இதற்கு ஒரு கட்டம் போட்டு, குறை இருந்தால் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பதற்கு என்ன தடை? பெண் குழந்தைகளுக்கு இந்தப் பொட்டுச் சோதனை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் பாதி அணு நன்றாகவும் பாதி அணு குறையோடும் இருக்கலாம். பொட்டு ஒளிர்ந்து ஏமாற்றிவிடும். நொதியை அளந்து பார்க்கும் சோதனை வேண்டும்.

எங்கள் பையனின் தடுப்பூசி அட்டையில் நானே எழுதிவைத்திருக்கிறேன். போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் என்று மருந்துக்கடைக்குப் போனபோது அதை நீட்டினேன். கடைக்காரத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, ரத்த குரூப்பா அம்மா?" என்று கேட்டார். உங்கள் அடுத்த கட்டுரையை அவருக்காக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
விருதுநகர்