பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் தூக்கம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம். திருப்புதல் தேர்வுக்கான அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இனி நள்ளிரவு வரை விளக்கு எரியும். மதிப்பெண்களைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்பே உங்களிடம் சொல்லியாக வேண்டியது பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி.

முதல் பாடவேளையில் வகுப்புகளைச் சுற்றி வரும்போது, முன்வரிசையில் அமர்ந்து அக்கறையோடு படிக்கும் பிள்ளைகளின் கண்களே செருகுவதைப் பார்க்கிறேன். அண்மையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வேதியியல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சமன்பாடு பாதியில் நின்று, பேனா இழுத்த கோடு பக்கத்தின் அடிவரை போயிருந்தது. பன்னிரண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தேன் என்றாள். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இடைவேளையில் அவள் கையில் ஒரு க்ரீம் பன்னும் குளிர்பானப் பாட்டிலும் இருந்தன. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் எல்லோரும் கேட்டதைத்தான் அந்தப் பெண் செய்துகொண்டிருக்கிறாள்.

நான்கு மணி நேரத் தூக்கம் உடலை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலத்தோடு இருந்த 11 இளைஞர்களை, தொடர்ந்து 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். பிறகு குளுக்கோஸ் செலுத்தி இரத்தத்தைச் சோதித்தார்கள். நன்றாகத் தூங்கவிட்ட பிறகு எடுத்த சோதனையோடு ஒப்பிட்டால், சர்க்கரை இரத்தத்திலிருந்து வெளியேறும் வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. உடலை விழிப்பாக வைத்திருக்கும், மாலையில் தணிய வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனும் தணியாமல் இருந்தது. ஒரே வாரத்தில், நோய் எதுவும் இல்லாத இளைஞர்களின் உடல் நீரிழிவின் தொடக்கநிலையை ஒத்த போக்கைக் காட்டியது. தூக்கம் குறைந்தால், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

அந்தக் க்ரீம் பன்னுக்கும் விளக்கம் உண்டு. அதே பல்கலைக்கழகத்தினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டே இரவுகள் 4 மணி நேரம் தூங்கிய இளைஞர்களுக்கு, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவுப் பண்டம் ஆகியவற்றின் மீதுதான் ஆசை மிகுதியாக எழுந்தது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை சமையலறையில் மிக்சர் டப்பாவைத் தேடினால், நாவடக்கம் இல்லை என்று திட்டாதீர்கள். தூக்கம் கேட்கும் உடல் அப்படித்தான் பசிக்கும்.

இதயத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. இரவில் தூங்கும்போது நாடித்துடிப்பு தணிகிறது. இரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. இதயத்துக்கும் இரத்தக்குழாய்களுக்கும் நாளெல்லாம் கிடைக்காத ஓய்வு அப்போதுதான் கிடைக்கிறது. தூக்கத்தை வெட்டினால் அந்த ஓய்வும் வெட்டப்படுகிறது. உடல் விழிப்புநிலைப் பரபரப்பிலேயே நீடிக்கிறது. இந்த நிலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்களிடம் உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், நீரிழிவு, மாரடைப்பு ஆகியவை அதிகமாகக் காணப்படுகின்றன. உணவு, உடற்பயிற்சி, புகையிலை, எடை, கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஏழு அம்சங்களை வைத்து இதய நலத்தை மதிப்பிட்டு வந்த அமெரிக்க இதயச் சங்கம், 2022-இல் தூக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குறிப்பிட்ட சோதனைகள் பள்ளிப் பிள்ளைகளிடம் அல்ல, வயதுவந்த இளைஞர்களிடம் நடந்தவை. ஒரு வாரம் கண்விழித்ததால் எந்தப் பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வந்துவிடாது. ஆனால் பத்தாம் வகுப்பில் தொடங்கும் இந்தப் பழக்கம் பன்னிரண்டாம் வகுப்போடு நிற்பதில்லை. நீட் பயிற்சிக்கும், கல்லூரி விடுதிக்கும், பிறகு வேலைக்கும் கூடவே போகிறது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவோடு வாழ்கிறார்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கம் இன்னும் முக்கியம்.

இந்தப் பேச்சை எடுத்தால், "நாங்களும் நாலு மணிக்கு எழுந்துதானே படித்தோம்" என்று பல தந்தையர் சொல்கிறார்கள். உண்மைதான். அன்று ஊர் எட்டரை, ஒன்பது மணிக்கு அடங்கிவிட்டது. நாலு மணிக்கு எழும்போது ஏழு மணி நேரம் தூங்கியிருந்தோம். இன்று எழும் நேரம் அதேதான், படுக்கும் நேரம் மூன்று மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. போதாததற்கு, இந்த வயதில் உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறுவயதில் சுரந்த நேரத்தைவிடத் தாமதமாகவே சுரக்கிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பிடிவாதம் இல்லை.

இதை உணர்ந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். நேரம் தள்ளிப்போனால் பிள்ளைகள் இன்னும் அதிகமாக விழித்திருப்பார்கள் என்ற அச்சம் பொய்யானது. மாணவர்களின் அன்றாடத் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது.

நம் பள்ளியின் மணியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. சிறப்பு வகுப்பின் நேரத்தை மாற்ற முடியும். காலை 7.30-க்கு நடக்கும் சிறப்பு வகுப்பு, வரும் திங்கள்கிழமை முதல் மாலை 4.30-லிருந்து 5.30 வரை நடக்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் எழும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, பத்து மணிக்குப் புத்தகத்தை மூட வைப்பது. பாடம் மீதமிருந்தாலும் மூடட்டும். படித்தது மனத்தில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். செல்போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும், அலாரத்துக்கு ஒரு சிறு கடிகாரம் போதும். கண்விழிக்க வேண்டும் என்பதற்காக இரவில் டீ, காபி போட்டுக் கொடுக்காதீர்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும், அதிலுள்ள தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கி ஈடுகட்டிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வார இறுதித் தூக்கம் மட்டும் சர்க்கரைக் கட்டுப்பாட்டைச் சீராக்கப் போதவில்லை என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளும், இரவு ஷிப்ட் முடிந்து அப்பா வந்தால்தான் கதவு சாத்தும் வீடுகளும் நம்மிடையே இருப்பதை அறிவேன். அத்தகைய வீடுகளில் தொலைக்காட்சியை மட்டும் ஒன்பதரைக்கு நிறுத்தினாலே பெரிய உதவி. அமைதியாகப் படிக்க இடம் இல்லாத பிள்ளைகளுக்காக நூலக அறை மாலை 6.30 வரை திறந்திருக்கும். ஓர் ஆசிரியர் உடனிருப்பார்.

பிள்ளை தினமும் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறி விழித்தாலோ, அசதி என்று விட்டுவிடாதீர்கள். தொண்டையில் உள்ள டான்சில், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு ஆகிய சதைகளின் வீக்கம் காரணமாக இருக்கலாம். அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

மாலை வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் பஸ் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர், ஊரின் பெயரையும் கடைசிப் பஸ் புறப்படும் நேரத்தையும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர்களுக்கு மதிய உணவு இடைவேளையின் பிற்பகுதியில் தனியாக வகுப்பு வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்