பாலத்தில் ஒரு செபமாலை

பாயான் பாரு, பினாங்கு
அக்டோபர் 3

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். நீதான் நலமாக இல்லை என்று நான்கு பக்கத்துக்கு எழுதிவிட்டாயே, அப்புறம் என்ன ஆவல்! உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு கைகூப்பும் படத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். கையால் எழுதியவனுக்குக் கையால்தான் பதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்ததில் ஒரு நோட்டுப் புத்தகம் இளைத்துப்போனது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு அக்டோபர் உனக்குத் தெரியாததா? மாலை நான்கு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால் மாடியில் துணி காயாது. இன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் செய்தி. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கிராப் வாடகைக் கார் ஓட்டப் போனேன் என்று போன தடவையே சொன்னேன். முதல் ஆறு மாதம் எரிச்சல்தான். பாயான் லெப்பாஸில் 31 வருடம் இயந்திரத்தோடு பழகியவன், திடீரென்று மனிதர்களோடு பழக வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. பாலத்தில் செபமாலை சொல்லத் தொடங்கினேன். சிரிக்காதே. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பழைய பாலம் 13.5 கிலோமீட்டர். நான் ஓட்டும் 80 வேகத்தில் பத்து நிமிடம், அதாவது செபமாலையில் மூன்று பத்து மணி. பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு வரும் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். அதில் ஐந்து பத்து மணியும் முடிந்து, கிருபை தயாபத்து மந்திரமும் சொல்லி முடிக்கும்போது சரியாகக் கரை வந்துவிடும். 2014இல் அந்தப் பாலத்தைத் திறந்தபோது இவ்வளவு நீளம் எதற்கு என்று குறை சொன்னவன் நான். மணியை உருட்ட முடியாது, ஸ்டீரிங்கில் இருக்கும் விரல்கள்தான் மணி. பயணி இருந்தால் வாய்க்குள்ளேயே ஓடும்.

போன மாதம் ஒரு மலாய்ப் பெண்பிள்ளை, கல்லூரி மாணவி போல, கண்ணாடியில் தொங்கும் செபமாலையைக் காட்டி "பாக்சிக், அது எதற்கு?" என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டாள். செபத்தை எண்ணுவதற்கு என்றேன். உடனே கையை நீட்டி, விரலில் மோதிரம்போல் மாட்டியிருந்த ஒரு குட்டி எண்ணியைக் காட்டினாள். பொத்தானை அமுக்கினால் எண் ஏறுகிறது. தஸ்பீஹ் என்கிற இறைத்துதியை எண்ணுவதற்காம். "நீங்களும் இது வாங்கலாமே, கணக்குத் தப்பாது" என்றாள். எனக்குக் கணக்கு தப்புவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இறங்கிப்போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவன் பெரிய பக்திமான் ஆகிவிட்டான், நமக்குப் பாடம் எடுக்கப்போகிறான் என்று நினைத்துவிடாதே. அடுத்து நான் சொல்லப்போவது அவமானக் கதை.

இப்போது நான் போகும் கோயிலில் 22 வருடம் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தேன். சவேரியார் கோயிலில் நாம் பீடச் சிறுவர்களாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு என் குரல் மேல் ஒரு மயக்கம் உண்டு, உனக்குத் தெரியும். இந்த வருடத் தவக்காலத்துக்கு முன்னால் வாசகர் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. இளையவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்களாம். கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு கோபித்துக்கொண்டு வேறு கோயிலுக்குப் போனேன். மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்து கடைசி பெஞ்சில், கைகட்டிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்தேன்.

அப்புறம் தவக்காலத்தின் ஐந்தாம் வாரம், புதன்கிழமைப் பூசையிலும் அதே பெஞ்சில் இருந்தேன். ஒரு பையன் வாசித்தான், பதினேழு வயது இருக்கும். நெபுகத்னேசர் என்ற பெயர் வந்தது. தடுக்கினான். மறுபடி முயன்றான், மறுபடி தடுக்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டுச் சிரிப்புதான், யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது தெரியுமா? நற்கருணை வாங்கப் போகக் கால் எழவில்லை. அன்றைக்கு வாசித்தது என்ன என்று வீட்டில் யோசித்துப் பார்த்தேன். மூன்று இளைஞர்களை எரியும் சூளையில் போட்ட கதை. இரண்டு மூன்று தடவையாவது நானே அதை வாசித்திருப்பேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்றுதான் 22 வருடமும் போயிருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அந்தச் சிரிப்பைச் சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய பாவத்துக்கு மூன்றுதானா? பார்த்தாயா, அதிலும் ஒரு பெருமை.

கடைசி பெஞ்சைவிட்டு இப்போது எழுந்துபோக மனமில்லை. அங்கிருந்து பார்த்தால்தான் கோயில் தெரிகிறது. இரவுக் காவல் வேலை முடிந்து நேராக வந்து பிரசங்கத்தில் தூங்கிப்போகிற ஓர் அண்ணன் இருக்கிறார். ஓரிடத்தில் உட்கார முடியாத தன் மகனை வராந்தாவில் நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாகப் பூசை காண்கிற ஓர் அம்மா இருக்கிறார். அவர் ஜன்னல் தாண்டும்போதெல்லாம் ஒரு சிலுவை அடையாளம் போடுவார். பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற வருடங்களில் இவர்கள் யாரும் என் கண்ணில் பட்டதில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 86 ஆகிறது. உடம்பு பரவாயில்லை, மறதிதான் கூடிக்கொண்டே போகிறது. என்னைச் சில நாள் மாமா பெயரால் கூப்பிடுகிறார், சில நாள் தோட்டத்தில் வேலை வாங்கிய கிராணி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் மந்திரம் ஒன்றுகூட மறக்கவில்லை. எல்லாம் பழைய பாடம். நான் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் நிறுத்தச் சொல்கிறார். "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று சொன்னால்தான் பதில் மந்திரம் வரும். "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "பரமண்டலங்களிலே" என்று இருக்க வேண்டும். செபமாலையில் தியானிக்கும் இரகசியங்கள் கிழமைக்குக் கிழமை மாறுமே, வியாழக்கிழமை வந்தால் சண்டையே வரும். ஒளியின் மறையுண்மைகள் என்று 2002இல்தான் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார் என்று எப்படி விளக்குவது? அம்மாவுக்கு வியாழன் என்றால் சந்தோஷ தேவ இரகசியம்தான். "நீ எந்தக் கோயிலில்டா படிச்சே?" என்று கேட்கிறார்.

முதலில் திருத்தப் பார்த்தேன். இப்போது அம்மா வழிக்கே போய்விட்டேன். எனக்குப் பாதி மறந்துபோன பழைய வாசகத்தை அவரிடமே மறுபடி கற்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நான் யார் என்று தெரியாத நாளிலும் நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இரவுதான் கஷ்டம். மூன்று மணிக்கு எழுந்து "கோயிலுக்கு நேரமாச்சு, சேலையை எடு" என்பார். இல்லையம்மா, படுங்கள் என்று படுக்க வைத்தால் பத்து நிமிடத்தில் அதே கேள்வி. முந்தாநாள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி குழந்தை இயேசுவின் தெரேசாள் திருநாள். அவள் மடத்துச் சங்கதி ஒன்று உண்டு, கேட்டிருப்பாய். தியான நேரத்தில் பின்னால் உட்கார்ந்த ஒரு சகோதரி ஏதோ சின்னச் சத்தம் செய்துகொண்டே இருப்பாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்து அடக்கிவிடலாம் என்று தோன்றுமாம். வேர்த்துக் கொட்டும் அளவுக்குப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தச் சத்தத்தையே கச்சேரிபோல் கவனித்துக் கேட்டு, அதை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தாளாம். நானும் முயன்றேன். எனக்குக் கச்சேரியாகக் கேட்கவில்லை. இரவு மூன்று மணிக்கு ஒரே கேள்வியாகத்தான் கேட்டது. ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா சின்னப்பிள்ளை மாதிரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அவர் மறந்துவிட்டார். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஒன்று செய்கிறேன். கேட்டதும் சேலையை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பத்து மணி சொல்லி, உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறார். இந்த யோசனை செபத்தில் வந்ததா, தூக்கம் கெட்ட களைப்பில் வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆத்தும சோதனையும் ஓடுகிறது. அவர் மதியமும் இரவும் செய்யச் சொன்னார், எனக்கு இரவு மட்டும்தான் முடிகிறது. வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, மேலே ஏறுமுன் ஐந்து நிமிடம். இன்று எதற்கு நன்றி, எங்கே சறுக்கினேன், நாளைக்கு என்ன. முன்பு நான் சறுக்கலை மட்டும் எண்ணி, பாஸா ஃபெயிலா என்று பார்ப்பேன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் புத்தி. இப்போது நன்றியிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அந்த எண்ணி மோதிரப் பெண்ணுக்குக்கூட ஒருநாள் நன்றி சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகு மாறியிருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள ஆசை. வீட்டுக்காரியிடமே கேட்டேன். யோசித்துப் பார்த்து, "குறட்டை கூடியிருக்கு" என்றாள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி வருவானே, அவனும் விதைத்துவிட்டுத் தூங்குகிறவன்தான். இரவு தூங்கிப் பகல் எழுகிறான், விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நானும் குறட்டைவரைக்கும் வந்துவிட்டேன்.

சரி, உன் விஷயம். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டது இதற்குத்தான். தங்கச்சி போன பிறகு செபம் செய்ய உட்கார்ந்தால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நம் சவேரியார் கோயில் வாத்தியார் காலத்து ஆறுதல்கள் ஒன்றையும் உனக்குச் சொல்லப்போவதில்லை. தங்கச்சியின் அடக்கத்தில் நானே இரண்டு மூன்றைச் சொல்லிவிட்டு, உன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

அதே தெரேசாளைப் பற்றி இன்னொன்று மட்டும். 1896ஆம் வருட ஈஸ்டர் நாட்களில் அவளுக்குள் ஓர் இருட்டு இறங்கியது. மோட்சம் என்ற ஒன்று இல்லவே இல்லை என்று உள்ளே ஒரு குரல். அது விலகவில்லை. அடுத்த வருடம் செப்டம்பர் 30இல், 24 வயதில், காசநோயில் சாகும்வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. கையில் ரோஜாப்பூவோடு சிரிக்கிற படத்தைத்தான் நமக்குக் கொடுத்தார்கள், இதை யாரும் சொல்லவில்லை. அவள் மடத்து மணி அடித்தால் எழுந்தாள், பாடினாள், மற்றவர்களுக்குச் சிரித்த முகம் காட்டினாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. இது உனக்கு ஆறுதல் தருமா என்று தெரியவில்லை. எனக்குத் தந்தது, அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று, உன் கடிதத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு செவ்வாயும் கோலாலம்பூர் புடு அந்தோணியார் கோயிலுக்குப் போகிறாய், உள்ளே போகாமல் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்து திரும்பிவிடுகிறாய் என்று ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புடுவுக்கு, வேலை முடிகிற நேரத்து நெரிசலில், அந்த முழங்காலோடு. ஆளில்லாத வீட்டுக்கு யாரடா இவ்வளவு சிரமப்பட்டுப் போவான்? உள்ளே போகத் தோன்றவில்லையென்றால் போகாதே. வெளியேயே உட்கார். எங்கள் வராந்தா அம்மாவும் உள்ளே வருவதில்லை.

டிசம்பருக்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கேஎல் சென்ட்ரலில் இ.டி.எஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, பட்டர்வொர்த்தில் நான் வண்டியோடு நிற்பேன். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போகலாம். ஜூலைத் திருநாள் கூட்டத்தில் தள்ளுமுள்ளுபட்டே நமக்குப் பழக்கம். 2019இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்த பிறகு கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். சாதாரண வார நாளில் போய்ப் பார்த்திருக்கிறாயா? 1888இல் கட்டிய பழைய கோயில் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. குரங்குகள் மட்டும் வரும். செபம் வந்தால் சொல்லுவோம், வராவிட்டால் கீழே இறங்கி மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுவோம். திரும்பும்போது இரண்டாவது பாலம் வழியாக வருவோம். நீ பேசாமல் வா, நான் சொல்லிக்கொள்கிறேன்.

வரும்போது ஒரு காரியம் செய். உன் அம்மா வைத்திருந்த பழைய செபப் புத்தகம், கறுப்பு அட்டை போட்டது, இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்துவா. எங்கள் வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. மாதா பிரார்த்தனையின் நடுவில் அம்மா இரண்டு வரி சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்றால் முதலிலிருந்து தொடங்குகிறார்.

அன்புடன்,
உன் பழைய பீடத் தோழன்