கடைசி அவுட் வரைக்கும்

குவீன்ஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னது மனதிலேயே நிற்கிறது. சிவப்பு விளக்கில் நின்றாய், வலது பக்கம் திரும்ப வேண்டும், பின்னால் இருந்தவன் விடாமல் ஹார்ன் அடித்தான். உன்மேல் தப்பே இல்லை. இங்கே நியூயார்க் நகரத்துக்குள், திரும்பலாம் என்று பலகை இருந்தால் ஒழிய, சிவப்பில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. கலிஃபோர்னியாவில் தலைகீழ்: கூடாது என்று பலகை இல்லாவிட்டால், நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் அந்த ‘நின்று பார்த்துவிட்டு’ முக்கியம். ஹார்ன் அடிக்கிறவன் வந்து உனக்கு இன்ஷூரன்ஸ் கட்டப் போவதில்லை.

நீ கார் வாங்கியதும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்கிறாள் அம்மா. உண்மைதான். மன்ஹாட்டனில் 60-ஆவது தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்குப் பகலில் 9 டாலர் என்று 2025 ஜனவரியில் ஆரம்பித்தபோது லட்டு வாங்கி வந்த ஆள் நான். இருந்தாலும் நம்மிடமும் ஒரு கார் இருந்தது, நினைவிருக்கிறதா? பழைய நீலக் கரோலா. அப்போது எனக்கு லாங் ஐலண்டில் வேலை, ரயில் போகாத இடம். வாரத்தில் இரண்டு நாள் தெரு கூட்டும் வண்டி வரும். அது கூட்டுகிற பக்கத்துக் கார்களையெல்லாம் எதிர்ப்பக்கம் இரட்டை வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்போம். கூட்டிவிட்டு அது நகர்ந்ததும் இடம் பிடிக்க ஒரு தள்ளுமுள்ளு.

ராத்திரி இன்னும் மோசம். ஏழரை மணிக்கு, ரேடியோவில் நம் ஊர் பேஸ்பால் அணி மெட்ஸின் ஆட்டம் ஓட, இடம் தேடி அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வருவேன். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்; முதல் இன்னிங்ஸில் நம் தெருவுக்குள் நுழைந்தால் மூன்றாவதில்தான் இடம் கிடைக்கும். மெட்ராஸில் வளர்ந்த எனக்கு பேஸ்பால் புரிந்தது அப்படித்தான். லேட் கட், லெக் கிளான்ஸ் என்று நாம் கொண்டாடுகிற அடியெல்லாம் இதில் ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போன அடி, ஒரு ரன்னும் கிடையாது என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ஒரு நாள் வீட்டு வாசலிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இறங்க முடியவில்லை. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு பால் என்றால் ஒரு ரன், இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட், ஃபவுல் என்றால் மறுபடி அடுத்த பந்து. பேட்டர் ஒவ்வொரு பந்தையும் ஃபவுலாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்த அம்மா, எனக்கு நெஞ்சு வலியோ என்று பயந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். கண்ணாடியைத் தட்டுகிறாள், நான் ‘இரு’ என்று கையைக் காட்டுகிறேன். கடைசியில் ஸ்ட்ரைக் அவுட். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

வேலை மன்ஹாட்டனுக்கு மாறியதும் காரை விற்றேன். அன்றிலிருந்து 7-ஆம் நம்பர் ரயில்தான், மெட்ஸ் அரங்கமான சிட்டி ஃபீல்ட் வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

நீ உன் ஊர் அணி டாட்ஜர்ஸின் தொப்பி வாங்கிவிட்டாயாம். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? இங்கே நியூயார்க்கின் புரூக்ளினில் டிராம்கள் ஓடிய காலத்தில், அவற்றில் அடிபடாமல் விலகி ஓடுகிறவர்கள் என்று ஊர்க்காரர்களைக் கேலி செய்த பெயர். அந்த அணிதான் 1957-ஓடு புரூக்ளினை விட்டுவிட்டு உன் ஊருக்குப் போனது. அவர்களுடைய பழைய அரங்கமான எபெட்ஸ் ஃபீல்டில் 700 கார் நிறுத்தத்தான் இடம். முதலாளி வால்டர் ஓ’மேலி புரூக்ளினிலேயே வேறு மனை கேட்டார், நகரத்தின் கட்டுமானங்களையெல்லாம் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் குவீன்ஸுக்குப் போ என்றார். அவர் காட்டிய ஃப்ளஷிங் மெடோஸில்தான் பிற்பாடு மெட்ஸ் வந்தது. ஓ’மேலி லாஸ் ஏஞ்சலஸில் மலையை வெட்டி, 1962-இல் சுற்றிலும் 16,000 கார் நிற்கும் அரங்கத்தைத் திறந்தார். அந்த மலையில் குடியிருந்த மெக்சிகன் குடும்பங்களை அதற்கு முன்பே கிளப்பியாகிவிட்டது, கடைசி வீட்டாரை 1959-இல் தூக்கித்தான் வெளியேற்றினார்கள். டிராமுக்கு ஓடியவர்களின் பெயரை வைத்துக்கொண்டு கார் கடலுக்கு நடுவே ஆடுகிறார்கள். எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

போன வருஷம் நீ அங்கே என்னைக் கூட்டிப்போனாயே. நன்றாகத்தான் ஓட்டினாய், அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 110 ஃப்ரீவே, அதுதான் நீங்கள் பட்டம் கொடுத்த மாதிரி ‘தி 110’ என்கிறீர்களே, அதில் ஏறும் இடத்தில் ஸ்டாப் பலகை வைத்திருக்கிறார்கள்! 1940-இல் போட்ட சாலை, அந்தக் கால வேகத்துக்கு வெட்டிய பாதை. நின்ற நிலையிலிருந்து அறுபது மைலில் வருகிறவர்களுக்கு நடுவே நுழைய வேண்டும். நீ எட்டிப் பார்த்து, இடைவெளிக்காகக் காத்திருந்து, ஒரே மிதியில் உள்ளே போனாய். நான் கதவுப் பிடியை விடவே இல்லை. கோவிலில்கூட நான் அவ்வளவு பக்தியாக இருந்ததில்லை.

ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் ‘கிளம்பலாம்ப்பா, டிராஃபிக் ஆகிவிடும்’ என்றாய் பார், அதுதான் மனது கேட்கவில்லை. சுற்றிலும் பாதிப் பேர் எழுந்து போகிறார்கள். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்தவன் நான். 2023-இல் பந்து வீசுகிறவனுக்கும் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடிக்குள் போட்டாக வேண்டும். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். (சீக்கிரம் வீடு வந்து தூங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான், அதை யாரிடமும் சொல்லாதே.) அவ்வளவு சுருக்கியும் கடைசிவரை உட்காராமல் காருக்காகப் பாதியில் எழுந்து போவது என்ன ரசனை?

சரி, காருக்கு வருவோம். டயர் காற்றை மாதம் ஒரு முறை, வண்டி சூடாவதற்கு முன்னால் பார். போனைக் கைப்பையில் போட்டுப் பின் சீட்டில் வை.

மெட்ஸ் அங்கே ஆட வரும்போது நானும் அம்மாவும் வருகிறோம். அன்றைக்குக் காரை வீட்டிலேயே விட்டுவிடு. யூனியன் ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் காட்டினால் இலவச பஸ் உண்டு. கடைசி அவுட் வரைக்கும் உட்கார்ந்து பார்ப்போம். தொப்பியை நீ போட்டுக்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் மட்டும் அம்மா உட்காரட்டும்.

அப்பா