அடிப்பக்கத்தையும் காட்டுங்கள்: கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுகளுக்கு விவரக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழம்பொருள் ஏல நிறுவனங்களில் கண்ணாடிப் பிரிவின் பட்டியலைத் தயாரிக்கும் மதிப்புக்குரியீர்,

வணக்கம். இத்தாலியப் பேப்பர்வெயிட் ஒன்று உங்கள் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் "முரானோ, ஃப்ராத்தெல்லி தோசோ, ஏறத்தாழ 1950" என்ற ஒரே வரி அச்சுப் பிசகாமல் வந்துவிடுகிறது. முரானோ வெனிஸை ஒட்டிய கண்ணாடித் தீவு; ஃப்ராத்தெல்லி தோசோ அங்கே புகழ்பெற்ற ஒரு பட்டறை. பொருள் சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும், பூ வேலைப்பாடு இருந்தாலும் வெறும் குமிழிகள் இருந்தாலும், அந்த வரி மாறுவதில்லை. செய்தவர் யார், காலம் எது என்று எழுதுகிற உரிமை உங்களுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எதை வைத்து அப்படி எழுதினீர்கள் என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இப்படிக் கேட்கத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஏல நிறுவனத்தில், "1920-களின் ஃப்ராத்தெல்லி தோசோ" என்ற குறிப்போடு வந்த ஒரு பேப்பர்வெயிட்டை வாங்கினேன். பட்டியலில் மேலிருந்து எடுத்த ஒரு படமும் பக்கவாட்டுப் படம் ஒன்றும் மட்டுமே இருந்தன. பார்சல் வந்ததும் திருப்பிப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை வியர்வை பட்டு மக்கிப்போன ஒரு காகிதச் சீட்டின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எல், ஏ, என், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. இத்தாலியின் பெயருக்கு அப்படி ஒரு வால் கிடையாது, ஸ்காட்லாந்துக்கு உண்டு. அதன்பின் மேற்புறத்தைப் பார்க்கப் பார்க்க எல்லாம் விளங்கியது. நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல முறுக்கிய கண்ணாடி இழைகள் ஓட, ஒவ்வோர் இடைவெளியிலும் பூத்துண்டுகளை அடுக்கியிருக்கும் அந்த அமைப்பு, ஸ்காட்லாந்தின் வசார்ட் பட்டறையிலும் அதன் வழிவந்த ஸ்ட்ராதெர்ன் பட்டறையிலும் வழக்கமானது. அதாவது, நான் 1920-களின் வெனிஸ் வேலை என்று வாங்கியது, அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தில் உருவானது. அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால், இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இத்தகைய தவறு ஏன் எளிதில் நேர்கிறது என்றால், மில்லெஃபியோரி என்னும் 'ஆயிரம் பூ' வேலையின் செய்முறையே அப்படிப்பட்டது. வண்ணக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சுற்றி, நட்சத்திரமோ பூவோ வரும்படி அச்சில் அழுத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்தால், ஜவ்வுமிட்டாய் போல அது நீண்டு பென்சில் தடிமனுள்ள குச்சியாகிறது. அதை வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ இருக்கும். இத்தாலியர் அதை முர்ரீனா என்பர். வில்லைகளை அடுக்கி, அவற்றின்மேல் உருகிய தெளிந்த கண்ணாடியைப் போர்த்துவதுதான் கடைசி வேலை. இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒரு முறை இழுத்த குச்சி அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்து பின்னொரு நாள் பயன்படலாம். ஆகவே குச்சியின் வயதும் பேப்பர்வெயிட்டின் வயதும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இன்னொன்று, குச்சிகளும் வில்லைகளும் விலைக்குக் கிடைப்பவை. முரானோவில் 1911-இல் தொடங்கிய எர்க்கோலே மொரெத்தி போன்ற பட்டறைகள் இவற்றைச் செய்வதற்கே பெயர் பெற்றவை. ஆகவே ஒரு பூவின் வடிவம் இன்ன பட்டறையின் பொருளில் இருப்பதோடு ஒத்துப்போகிறது என்பது ஒரு தடயமே தவிர, கையெழுத்து அன்று.

உண்மையான கையெழுத்து இத்தாலியப் பேப்பர்வெயிட்டுகளில் மிக அரிது. அதனால்தான் வெனிஸ் கண்ணாடிக் கலைஞர் பியெத்ரோ பிகாலியாவின் பெயர் இத்துறையில் அவ்வளவு பெரியது. 1845-இல் வியன்னாவில் நடந்த ஆஸ்திரியத் தொழிற்பொருட்காட்சியில் அவர் தம் பேப்பர்வெயிட்டுகளை வைத்தார். பாரிஸ் வணிகச் சபைக்காக அதைப் பார்வையிட்ட பேராசிரியர் பெலிகோ அவற்றைக் குறித்துத் தம் அறிக்கையில் எழுதினார். பிரான்சின் சான் லூயி தொழிற்சாலையின் தேதியிட்ட பேப்பர்வெயிட்டும் அதே 1845-ஆம் ஆண்டினதுதான் என்பதால், யார் முந்தியவர் என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அந்த வாதம் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பட்டியலிலும் என் மடலிலும் அது முடிந்துவிடாது. பிகாலியாவின் பொருள்களில் அவருடைய முதலெழுத்துகளும் ஆண்டும் உள்ள வில்லை இருக்கும். பூத்துண்டுகளும் முறுக்கிழைகளும் செம்புத் துகள் மின்னும் அவெஞ்சுரின் கண்ணாடியும் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும். மேலே போர்த்திய தெளிந்த கண்ணாடி மெல்லியதாக இருப்பதால், உள்ளே இருப்பவை மேற்பரப்பைத் தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். அதே காலத்துப் பிரெஞ்சுப் பொருளில் தடித்த கண்ணாடிக் குவிமாடம் பூக்களைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த வேறுபாட்டைப் பக்கவாட்டுப் படம் ஒன்றே காட்டிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தும் எண்ணும் வில்லையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பூவை வில்லையாக்கத் தெரிந்தவருக்கு ஆண்டை வில்லையாக்குவதும் தெரியும்.

ஃப்ராத்தெல்லி தோசோ என்ற பெயருக்கு வருகிறேன். 1854-இல் தோசோ சகோதரர்கள் முரானோவில் தொடங்கிய அந்த நிறுவனம் மில்லெஃபியோரி வேலையில் பெரும் புகழ் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் அது பேப்பர்வெயிட்டுகளை ஏராளமாகச் செய்தது. அந்தப் புகழே இப்போது அதற்குச் சுமையாகிவிட்டது. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகளையெல்லாம் அந்தக் குடும்பத்துக் கணக்கில் எழுதுகிறீர்கள். முரானோ ஒரு சிறு தீவாக இருந்தாலும், 1291-இல் தீ விபத்துக்கு அஞ்சி வெனிஸ் குடியரசு உலைகளை அங்கே மாற்றியதிலிருந்து, உலைகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் ஊர் அது. ஒருவர் செய்ததைப் பக்கத்து உலைக்காரர் பார்த்துச் செய்வது அங்கே புதிதன்று. "முரானோ, பட்டறை தெரியவில்லை, இருபதாம் நூற்றாண்டு" என்று எழுதுவதில் எந்த இழிவும் இல்லை. வாங்குபவர்களாகிய நாங்கள் அதற்கும் விலை கொடுப்போம்.

சீட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்னும் தகட்டில் "முரானோ கிளாஸ், மேட் இன் இத்தாலி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது ஊரைத்தான் சொல்கிறது, பட்டறையைச் சொல்லவில்லை. அதே வாசகம் பல உலைகளிலும் கடைகளிலும் பயன்பட்டது. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருப்பது ஏற்றுமதிக்கான அடையாளம்; 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகே அந்த வழக்கம் பரவியது. ஆனால் உரித்தெடுக்கக்கூடிய காகிதச் சீட்டில் இருந்த பெயர் இன்று இல்லாமற்போனால், பொருள் அதற்கு முந்தியது என்று வாதிட முடியாது. மறுபுறம், "வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ" என்ற வணிகக்குறி இருந்தால் உங்கள் வேலை எளிது: அது வெனிஸ் அடங்கிய வெனெத்தோ மாநிலம் 1994-இல் இயற்றிய சட்டத்தின் வழி வந்தது, ப்ரோமோவெத்ரோ கூட்டமைப்பு அதை நிர்வகிக்கிறது. அந்தச் சீட்டோடு இருந்த ஒன்றை "நூற்றாண்டின் நடுப்பகுதி" என்று ஒரு பட்டியலில் கண்டேன். அச்சுக்கூடத்தின் தவறாக இருக்கும் என்று இன்றுவரை நல்லெண்ணத்தோடு நம்பி வருகிறேன்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது தெரியும். சமையலறைத் தராசு ஒன்று போதும். நான் ஏமாந்தபிறகு என்னிடமிருந்த எல்லாவற்றையும் இப்படித்தான் சோதித்தேன். ஒரு பேப்பர்வெயிட்டை உலர்ந்த நிலையில் நிறுத்தேன், 412 கிராம். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய பேப்பர்வெயிட்டை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டேன். தராசு 163 கிராம் காட்டியது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 2.53 வருகிறது. முரானோவின் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி இந்த 2.5-ஐ ஒட்டியே நிற்கும். பக்காரா, சான் லூயி போன்ற பிரெஞ்சு ஈயக் கண்ணாடி 3-ஐ நெருங்கும் அல்லது தாண்டும். இந்தச் சோதனை பிரெஞ்சையும் இத்தாலியையும் பிரிக்குமே தவிர, இத்தாலியையும் சீனாவையும் பிரிக்காது. சோடா சுண்ணாம்புக் கண்ணாடி எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் இரண்டு நிமிட வேலையில் ஒரு பெருந்தவறு தடுக்கப்படுகிறது.

அடிப்பக்கத்தில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. உலைக்கம்பியிலிருந்து பிரித்த வடு அப்படியே விடப்பட்டிருக்கிறதா, சாணை பிடிக்கப்பட்டிருக்கிறதா, முழுக்க மெருகேற்றப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். மேசையில் பல பத்தாண்டுகள் நகர்ந்த பொருளுக்கு, தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், எல்லாத் திசையிலும் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வளையமாக விழுந்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தரையைத் தொடாத குழிவிலும் இருக்கும். பொறித்த பெயர் இருந்தால், அந்தக் கீறல்கள் எழுத்தின்மேல் ஓடுகின்றனவா, எழுத்து கீறல்களின்மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்பேனாவால் நேற்று எழுதிய "முரானோ" பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு போகும். முரானோவின் வெனினி பட்டறை இட்ட அமில முத்திரையைப் போலப் பட்டறையே இட்ட குறிகளுக்கு இந்தச் சோதனை இன்னும் பயனுள்ளது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பேப்பர்வெயிட்டுக்கும் அடிப்பக்கப் படம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். எடையையும் விட்டத்தையும் தாருங்கள். ஒட்டியிருக்கும் சீட்டை, அது அழுக்காக இருந்தாலும் பாதி கிழிந்திருந்தாலும், சுத்தம் செய்கிறேன் என்று உரித்துவிடாதீர்கள். விவரக்குறிப்பு இப்படி இருந்தால் எனக்குப் போதும்: "மில்லெஃபியோரி பேப்பர்வெயிட், விட்டம் 7 செ.மீ., எடை 412 கிராம். சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. அடி மெருகேற்றியது, விளிம்பில் இயல்பான தேய்மானம். ஊரை மட்டும் குறிக்கும் தகட்டுச் சீட்டு. முரானோ, பூ வடிவங்களை வைத்து ஃப்ராத்தெல்லி தோசோவாக இருக்கலாம் என்று கருதுகிறோம்." அந்தக் கடைசிக் கருத்து தவறாகவே இருந்தாலும் நான் புகார் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்காட்லாந்துப் பேப்பர்வெயிட் ஒன்றை வெனிஸ் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர்