லைட்டர் டெஸ்ட்டும் 'தீயே பிடிக்காத' ஃபோமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சோபா, கார் சீட் பற்றிய கட்டுரையில் "எஃப்.ஆர். ஃபோம் போட்டுவிட்டால் தீயே பிடிக்காது" என்று ஒரு வரி. (எஃப்.ஆர். என்றால் தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்தது.) லைட்டர் காட்டிப் பார்த்து வாங்குங்கள் என்று யோசனை வேறு. ஜே.சி. ரோட்டு சீட் கவர் கடைகளில் அந்தப் பக்கத்தை இந்நேரம் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள்.

ஃபோம் வார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். ஃபோமின் மூலத் திரவமான பாலியால் 100 கிலோவுக்கு, டி.சி.பி.பி. என்ற தீத்தடுப்புத் திரவம் 10, 15 கிலோ சேர்த்து வார்த்த ஃபோமில் லைட்டரைக் காட்டினால், அது உருகிச் சுருங்கி சுடரைவிட்டு விலகிக்கொள்ளும். அணைந்துவிட்டதாகத் தெரியும். அதன்மேல் துணியை இழுத்துத் தைத்த பிறகு விலக இடமேது? கருகிய துணி சுடரை அங்கேயே பிடித்து வைக்கும், அடியில் ஃபோம் எரியும். பிரிட்டனின் பி.எஸ். 5852 சோதனையில் துணியையும் ஃபோமையும் சேர்த்தே வைத்து, 17 கிராம் மரக்குச்சி அடுக்கைக் (கிரிப் 5) கொளுத்துவது அதனால்தான். அதில் தேற வழக்கமாக மெலமைன் என்ற தீத்தடுப்புத் தூளும் போடுவார்கள். கலக்கியை நிறுத்தினால் தூள் டேங்க் அடியில் தங்கிவிடும். முதல் பிளாக் ஒரு மாதிரி, கடைசி பிளாக் ஒரு மாதிரி. விலை மட்டும் ஒன்றுதான்.

ரெக்சினைக் கட்டுரை தொடவே இல்லை. ரெக்சினின் மேல்பூச்சு பி.வி.சி. பிளாஸ்டிக்; அதில் பாதிக்கு மேல் குளோரின், லேசில் எரியாது. மெத்தென்று இருக்க 100 பங்குக்கு 50, 60 பங்கு டி.ஓ.பி. என்ற மென்மையாக்கும் எண்ணெய் ஊற்றுகிறோமே, அந்த எண்ணெய்தான் எரிகிறது. அதற்கு ஈடாக ஆன்டிமனி ட்ரையாக்சைடு என்ற தீத்தடுப்புத் தூள் 3 முதல் 5 பங்கு வேண்டும். விலை ஏறினால் அதைக் குறைத்துக் கால்சியம் தூளைக் கூட்டுபவர்கள் உண்டு. தொட்டுப் பார்த்தால் தெரியாது.

வாகனங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15061-ம், கிடையாக வைத்த துண்டில் தீ நிமிடத்துக்கு 100 மி.மீ.க்கு மேல் ஓடக்கூடாது என்றுதான் சொல்கிறது. எரியாது என்று அல்ல, ஐயா.

உங்கள் பக்கங்களில் தெர்மகோலும் ஃபோமும் எப்போதும் ஒன்றுதான். எந்தத் தீ விபத்தும் 'மின்கசிவு' என்று முடிந்துவிடும்; என்ன எரிந்தது என்று ஒரு வரி இருக்காது. 2010 பிப்ரவரி 23 அன்று இதே பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத் தீ 9 பேரைப் பலிவாங்கியதில் புகையின் பங்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாததல்ல. சோபா, சீட்டுகளில் போடும் யூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும், இரண்டும் விஷவாயு. டி.சி.பி.பி. போட்டாலும் வரும். இதையெல்லாம் போன வருடமே இரண்டு கடிதங்களில் எழுதினேன். இடப் பற்றாக்குறை போலும்.

'தீயே பிடிக்காது' என்பதை 'தீப்பற்றுவதைத் தாமதப்படுத்தும்' என்று திருத்தி, லைட்டர் யோசனையை வாபஸ் வாங்கி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட் கவரோடு சேர்த்து எடுத்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீன்யா, பெங்களூரு