மே மாத வெயிலும் அத்தையின் காலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் உனக்கு லேப் அவசரம், எனக்குப் பட்டறைச் சத்தம். அதனால்தான் இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனோம். சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்ட நாள். வாசற்படி இரண்டையும் இறங்கி அவள் காரில் ஏறுவதற்குள் நானும் உன் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. வலது கால் தரையில் இழுபட்டது. 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டியதும் கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஏரிக்கரையில் இறங்கி, ஒரு கையில் தடி, இன்னொரு கை என் தோளில் என்று கொஞ்ச தூரம் வந்தாள். அப்புறம் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அண்ணா பூங்கா வாசல் வரைக்கும் தனியாகவே நடந்தாள். நான் பின்னால் நின்று அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நுனி தேய்ந்துகொண்டு வந்த அதே வலது செருப்பு, அங்கே ஒவ்வொரு அடிக்கும் தரையை விட்டு மேலே எழுந்தது.

அந்த நிமிஷம்தான், உன் நரம்பு ஆராய்ச்சி லேபிலிருந்து நீ அனுப்பிய படம் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதைப் பட்டறைச் சுவரில், இன்சுலேசன் சோதிக்கிற மெக்கர் மீட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கறுப்புப் பின்னணியில் ஒரு நரம்பிழை. நடுவில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை. பச்சை, சோடியம் உள்ளே பாயும் வாசல்கள்; சிவப்பு, பொட்டாசியம் வெளியே போகும் வாசல்கள், அவற்றின் பெயர் கேவி 1.1, கேவி 1.2 என்று சொன்னாய். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற உறை நரம்பு முழுக்க ஒரே நீளமாக இருக்காது, கரும்பு மாதிரி கணுக்கணுவாக விட்டுவிட்டு இருக்கும், அந்த இடைவெளிக்கு ரான்வியே கணு என்று பெயர், மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவித் தாவிப் போகும் என்பதெல்லாம் முன்பே சொல்லியிருக்கிறாய். பச்சை கணுவில் திறந்து கிடக்கிறது, சிவப்பு மட்டும் உறைக்கு அடியில் மறைந்து கிடக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். உறை கழன்றால் அந்தச் சிவப்பு வெளியே தெரிந்துவிடும். துடிப்பு வரும்போது பொட்டாசியம் அந்த வழியாக ஒழுகும். அடுத்த கணுவை எழுப்ப வேண்டிய மின்சாரம் அங்கேயே வீணாகிவிடும்.

30 வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு இதை விளக்கவா வேண்டும்! பெரிய நரம்பிழைகளில் மையலின் 100 சுற்றுக்கு மேலேகூடச் சுற்றியிருக்கும் என்று நீ சொன்னபோது, அதைச் சுற்றுகிற அந்தச் செல்லை மனசுக்குள் கும்பிட்டேன். ஸ்லாட்டுக்குள் ஒயர் உரசாமல் பேப்பர் வைத்து, சிலீவ் மாட்டி, வார்னிஷ் ஊற்றி நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மோட்டார் கொண்டு வருவார் என்று வைத்துக்கொள். "காலையில நல்லா ஓடுதுங்க, ஒரு மணி நேரம் ஓடுனா ட்ரிப் ஆயிடுது. ஆற வெச்சா மறுபடியும் ஓடுது" என்பார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருநாள்கூட நான் அவரைப் பொய் சொல்கிறார் என்று நினைத்ததில்லை. உள்ளே எங்கேயோ இன்சுலேசன் போயிருக்கிறது, சூட்டில்தான் அது தெரியும் என்று பிரித்துப் பார்ப்பேன்.

உன் அத்தை 14 வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் இதே வார்த்தைதான். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, பொங்கல் அடுப்பு முன்னால் நின்றவள் திடீரென்று கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "அனல் பட்டா கால் வேலை செய்யலண்ணா" என்றாள். நான் அத்தனை பேர் முன்னாலேயும், "வேலைன்னு வந்தா மட்டும் உனக்குக் கால் மடங்குதா?" என்று கேட்டேன். சாயங்காலம் காற்று வந்ததும் அவள் எழுந்து நடந்தாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அவள் பதில் பேசவில்லை. அதற்கு முந்தின வருஷமே இடது கண் மூன்று வாரம் மங்கலாக இருந்திருக்கிறது. காட்டிய இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்து, நரம்பின் உறை கழன்றுபோகும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய் என்று தெரிவதற்கு இன்னும் நான்கு வருஷம் ஆனது.

மோட்டாரையும் நரம்பையும் ஒன்றாக வைக்காதீர்கள் அப்பா என்று நீ திருத்தினாய், சரிதான். ஒயரில் சூடு ஏறினால் கசிவு கூடும். நரம்பில் சூடு ஏறினால் சோடியம் வாசல்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன, துடிப்பு குறுகிப்போகிறது. நல்ல நரம்பில் தேவைக்கு மேல் பல மடங்கு மின்சாரம் கைவசம் இருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. உறை போன நரம்பில் ஏற்கெனவே இழுபறி. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே துடிப்பு நின்றுவிடலாம். நீ இருக்கும் ஜெர்மனியைச் சேர்ந்த ஊத்தாஃப் என்ற கண் மருத்துவர், உடம்பு அலுத்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890லேயே எழுதி வைத்திருக்கிறார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அவ்வளவு பழைய விஷயம், எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த மாத்திரை விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டோம். பொட்டாசியம் வாசலை அடைக்கிற மருந்து, நடை தேறுவதற்காக அமெரிக்காவில் 2010இல் அனுமதி கொடுத்தார்கள் என்று நீ சொன்னாயே, அதுதான். சிலருக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் உறையை அது வளர்க்காது என்றார். அத்தைக்கு ஒரு தடவை வலிப்பு வந்திருப்பதால் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். பொட்டாசியம் வாசல்தான் நரம்புக்கு பிரேக், மூளை முழுக்க அதை அடைத்தால் வலிப்பு வரத்தானே செய்யும். காரில் திரும்பும்போது அத்தை, "கெட்டுப்போன இடத்துல மட்டும் அடைக்கிற மருந்து வராதாண்ணா?" என்று கேட்டாள். நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

உறை மறுபடி வளரும்போது அந்தச் சிவப்பு வாசல்கள் தங்கள் இடத்துக்கு எப்படித் திரும்புகின்றன, காஸ்பர் 2 என்ற புரதம் அவற்றை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் உன் வேலை என்றாய். மூன்று மாதமாக, படம் எடுக்கப் போடும் சாயம் ஒட்டவே இல்லை என்று நீ போனில் அழுதது எனக்கு மறக்கவில்லை. எங்களுக்குத் தீய்ந்த காயிலை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கட்டத்தான் தெரியும். ஓடுகிற ஒயரின் மேலேயே உறையைத் திரும்பச் சுற்றுகிற வித்தையை உடம்பு வைத்திருக்கிறது, என் மகள் அதைக் கண்ணால் பார்க்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

ஏரிக்கரை பெஞ்சில் வைத்து அத்தையிடம் அந்த ஆடி மாதத்தைப் பற்றிப் பேசினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானே என்னை நம்பலண்ணா, சோம்பேறித்தனம்தானோன்னு நெனச்சேன்" என்றாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பச்சை, சிவப்பு, உறை, சூடு எல்லாவற்றையும் எனக்குச் சொன்ன மாதிரியே தமிழில் எழுதி அத்தைக்கு அனுப்பு. நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள், நீ சொன்னால் நம்புவாள். கூடவே அந்தப் படமும் ஒன்று. எழுத்து கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும், இடது கண் இன்னும் மங்கல்தான்.

அன்புடன்,
அப்பா